ஒன்பது வேலைக்கு ஒரு வினைமுற்று

புதுச்சேரியில் கொடி மாறி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தபோது நான் ஒரு பஞ்சாலை ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்தேன். ஊருக்குள் புது நிர்வாகம் வந்துவிட்டது. எங்கள் ஆலைக்குள் அது இன்னும் முழுதாக நுழையவில்லை. கடிதங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் போகும், வரும். ஆலையின் தலைவரை எல்லோரும் ‘திரெக்தேர்’ என்போம். அவர் பிரெஞ்சுக்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை ‘சீக்கிரம்’, ‘போதும்’ என்ற இரண்டு சொற்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் பிரெஞ்சு படித்திருந்ததால், தட்டச்சோடு மொழிபெயர்ப்பும் என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு மேலே இருந்த எஞ்சினியர் தமிழர். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். வெள்ளை டக் துணிக் கோட்டும் தொப்பியுமாக வருவார். கோபித்துக்கொள்ளவே மாட்டார். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. கத்துகிறவரோடு சண்டை போடலாம். புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டுத் தான் நினைத்ததையே செய்கிறவரோடு எப்படிப் போடுவது? ஐயா என்ற பொருளில் அவரை நாங்கள் ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வருடம் நூல் வெளுப்பதற்குப் புதிதாக ஒரு பெரிய இரும்புக் கலம் வந்து இறங்கியது. ஆலையில் அதற்குக் ‘கொப்பரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளுக்காத பச்சை நூலை உள்ளே அடுக்கி, காரச் சோடாத் தண்ணீர் விட்டு, மூடியைத் திருகாணி போட்டு இறுக்கி, ஆவியை உள்ளே விட்டு மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்ட, பக்கவாட்டில் முள் வைத்த வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைக் கடிகாரம் என்பார்கள். குழாய்கள் எல்லாம் ஒரு பக்கம் இருந்தன. கடிகாரம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். யார் அப்படி அமைத்தார்களோ தெரியாது. குழாயருகே நிற்பவன் முள்ளைப் பார்க்க வேண்டுமானால் கொப்பரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

வெந்து முடிந்தபின் கொப்பரையை எப்படித் திறப்பது என்று முசியே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்து, தமிழாக்கித் தரச் சொன்னார். பலகையில் எழுதிக் கொப்பரையின் பக்கத்தில் மாட்டுவதாகத் திட்டம். அவர் எழுதியது ஒரே வாக்கியம். அழகான பிரெஞ்சு, குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அதை வாய்விட்டுப் படித்தபோது, கடைசிக்கு வருவதற்குள் முதலில் என்ன சொல்லியிருந்தது என்பது எனக்கே நழுவிப்போயிற்று. உட்கார்ந்து தனித்தனி வரிகளாகப் பிரித்தேன். ஆவிக் குழாயை மூடு. வடிகால் குழாயைத் திற. தண்ணீர் வருகிறதா, பார். சுற்றிப் போய் முள்ளைப் பார். இப்படியே போய், நூலை வெளியே எடு என்பதில் முடித்தேன்.

முசியே படித்தார். பேனாவை எடுத்து, நான் வைத்த புள்ளிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். மேலே புதிதாக எழுதி என்னிடம் கொடுத்தார். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்:

“ஆவிக் குழாயை மூடிவிட்டு வடிகால் குழாயைத் திறந்து நீர் வெளியேறி முள் இறங்கியபின் மூடியின் திருகாணிகளைத் தளர்த்தி மூடியைத் தூக்கிக் குளிர்நீரைப் பாய்ச்சி நூலை அலசி எடுக்கவும்.”

எடுக்கவும் என்பதைத் தவிர அதில் முடிந்த வினை எதுவுமே இல்லை. மீதி எல்லாம் எச்சம். ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு போகிறது. என் வரிகளில் இருந்த ‘முள்ளைப் பார்’ என்பது ஒருவன் நடந்து போய்ச் செய்யவேண்டிய வேலை. அவருடைய ‘முள் இறங்கியபின்’ வெறும் நேரம். ‘பொழுது சாய்ந்தபின்’ என்பதைப்போல, அது தானாக நடந்துவிடும், யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. இதை அவரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு காரியத்துக்கு ஒரு வாக்கியம்தான் இருக்க வேண்டும் என்றார். வரிவரியாக வெட்டினால் ஆட்கள் ஒவ்வொரு வரியிலும் நின்றுவிடுவார்களாம்; கொப்பரை வேலை நிற்காமல் ஓட வேண்டுமாம். அதோடு, நான் எழுதியது ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மந்திரப் பாடம் மாதிரி இருக்கிறதாம்.

“வெட்டி வெட்டி எழுதுனா அது தமிழா, மத்மசேல்? அவங்க என்ன குழந்தைங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கல்யாணமாகாத என்னை ஆபீசில் மத்மசேல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பலகை எழுதி மாட்டியாயிற்று. கொப்பரை ஆட்களை நிற்கவைத்துப் படித்துக் காட்டும் வேலையும் எனக்கே வந்தது. அன்றிலிருந்து அவர்களுக்கு நான் டீச்சரம்மா. கொப்பரைக்குப் பொறுப்பாக இருந்தவர் மூலக்குளத்துப் பக்கத்து ஆள். விவசாயக் குடும்பம். நிலம் போதாமல் ஆலைக்கு வந்தவர். நாற்பது வயதிருக்கும். நல்ல பலசாலி, அதைவிட ரோசக்காரர். நான் படித்து முடித்ததும், புரிந்ததா என்று கேட்டேன். “புரிஞ்சிதும்மா” என்றார். என்ன புரிந்தது, சொல்லுங்கள் என்றேன். “அதான் பலகையில எழுதியிருக்குதே” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்குப்பின் வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு நாள் நூல் மஞ்சள் பாய்ந்து வரும். இன்னொரு நாள் சோடா வாடை போகாமல் வரும். முசியே கொப்பரையடிக்குப் போவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பலகையில் இருப்பதைப்போலச் செய்தாயா? பதிலும் ஒன்றுதான்: “செஞ்சேங்க.” முசியே திரும்பி வந்து, ஆள் சரியாகத்தான் செய்திருக்கிறான், நூலில்தான் கோளாறு என்று என்னிடம் கடிதம் அடிக்கச் சொல்வார். நூல் அனுப்பியவர்கள் நூலில் கோளாறில்லை என்று பதில் போடுவார்கள். அதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு ‘செஞ்சேங்க’வுக்குள் ஒன்பது வேலைகள் ஒளிந்துகொண்டிருந்தன. எதைச் செய்தார், எதை அரைகுறையாக விட்டார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானே போய் அவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். குளிர்நீர் எவ்வளவு நேரம் விட்டீர்கள் அண்ணே, அலசின தண்ணீர் தெளிந்து வந்ததா, என்றெல்லாம். அவர் முகம் மாறிவிட்டது.

“டீச்சரம்மா, எஞ்சினியரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிட்டாரு. நீ என்னா போலீசு மாதிரி நோண்டுற? எம்மேல சந்தேகமா?”

சந்தேகம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மனநிலையில் அவர் இல்லை. மேலே இருப்பவருக்கு என் வரிகள் குழந்தைப் பாடம். கீழே இருப்பவருக்கு என் கேள்விகள் போலீஸ் விசாரணை. நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. முசியேயிடம் மறுபடியும் போய், பலகையை மாற்றலாமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்கமாட்டார்.

ஒரு காலை ஷிப்டில் அது நடந்தது. நான் மெஷினில் காகிதத்தைச் சொருகிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் இல்லை. நீளமாக ஒரு சீறல். அதற்குப் பிறகு ஆட்கள் ஓடுகிற சத்தம். நான் போனபோது வெளுப்புக்கூடம் முழுக்க வெள்ளையாக ஆவி நின்றது. கொப்பரைக்காரரைத் தூக்கி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். வலது கையும் தோளும் மார்பில் ஒரு பகுதியும் வெந்துபோயிருந்தன. அவர் அலறவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் இதுவரை பார்த்ததில் அதுதான் பார்க்கச் சகிக்காதது. ஆலை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு ஃபிட்டர் வந்து பிரித்துப் பார்த்தார். வடிகால் குழாயின் வளைவில் கழிவு நூல் பந்தாகச் சிக்கி இறுகியிருந்தது. குழாயைத் திறந்தும் ஒன்றும் வெளியேறவில்லை. உள்ளே அழுத்தம் அப்படியே இருந்திருக்கிறது. அந்த நிலையில் கொப்பரைக்காரர் மூடியைத் தளர்த்தியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவியைப் பார்த்தேன். நடவிலிருந்து நேரே வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டாள். ஆபீஸ் ஆட்களில் தமிழில் நின்று பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். குழாய் அடைத்துக்கொண்டது என்றேன். “அப்ப அவரு மேல தப்பில்லயே?” என்றாள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசாரிப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு விசாரணை வைத்தார்கள். திரெக்தேரின் அறை. மேசைக்கு ஒரு பக்கம் திரெக்தேர், முசியே. எதிரே கொப்பரைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி கதவருகே நின்றாள். இரண்டு மொழிக்கும் நடுவில் நான்.

திரெக்தேர் கேட்ட முதல் கேள்வியும் அந்தப் பலகையைப் போலவேதான் இருந்தது. ஆவியை மூடிவிட்டு, வடிகாலைத் திறந்துவிட்டு, அழுத்தம் இறங்கியதை உறுதி செய்துகொள்ளாமல், மூடியைத் தளர்த்தினாயா? நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவர் உடனே தலையை ஆட்டினார்.

“ஆமாங்க.”

நான் அதைத் திருப்பிச் சொல்லவே தேவைப்படவில்லை. தலையாட்டலைத் திரெக்தேர் பார்த்துவிட்டார். தன் தவறை ஒப்புக்கொள்கிறான் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். கேள்வி முடிந்ததே என்று எதிரே இருந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி. மூடினேன், திறந்தேன், தளர்த்தினேன் என்ற பொருளில் அவர் ஆமாம் சொன்னார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேள்வியின் நடுவயிற்றில் இருந்த ‘கொள்ளாமல்’ அவர் காதில் விழவே இல்லை.

கேள்வியைப் பிரித்துக் கேட்க அனுமதி வேண்டும் என்று திரெக்தேரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் கேட்டது ஒரே கேள்வி, மத்மசேல். அவன் பதில் சொல்லிவிட்டான்.”

“நாலு கேள்வி, திரெக்தேர். நாலில் எதற்கு அவர் ஆமாம் என்றார் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை நான் மொழிபெயர்க்க முடியாது.”

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. எஞ்சினியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரெக்தேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை அசைத்தார். கேள் என்று அர்த்தம்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆவியை மூடினீர்களா? மூடினார். வடிகாலைத் திறந்தீர்களா? திறந்தார். தண்ணீர் வந்ததா? இங்கே அவர் தயங்கினார்.

“வரலம்மா. கொஞ்சமா கசிஞ்சிது. அப்புறம் நின்னுடுச்சி. எல்லாம் வடிஞ்சிடுச்சின்னு நெனச்சேன்.”

இதை நான் பிரெஞ்சில் சொன்னதும் திரெக்தேர் எஞ்சினியர் பக்கம் திரும்பினார். குழாய் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று கேட்டார். முசியே அது தன் கவனத்துக்கு வரவில்லை என்றார். அவர் புன்னகை இல்லாமல் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை விழுங்கினால் நான் பிரித்துக் கேட்டதற்கே அர்த்தமில்லை.

“முள்ளைப் போய்ப் பார்த்தீங்களா அண்ணே?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் மனைவி கதவருகே அசைந்தாள்.

“இல்லம்மா. பாக்கல. சத்தம் அடங்கிடுச்சி. தெறந்துட்டேன்.”

அதையும் மொழிபெயர்த்தேன்.

முடிவு இப்படி வந்தது. முதலில் சொன்ன ஆமாம் மட்டும் இருந்திருந்தால் அவரை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். அது ஏற்கெனவே பாதி எழுதியாகியிருந்தது. குழாய் அடைப்பு ஆலையின் குறை என்று பதிவானதால் வேலை பிழைத்தது, ஆஸ்பத்திரிச் செலவையும் ஆலை ஏற்றுக்கொண்டது. ஆனால் முள்ளைப் பார்க்கவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னதால், கொப்பரையிலிருந்து அவரை எடுத்து மூட்டைக் கிடங்கில் போட்டார்கள். கொப்பரைக்காரர் என்றால் ஆலையில் ஒரு மதிப்பு. கிடங்கில் அது கிடையாது.

வெளியே வந்ததும் அவர் மனைவி என்னை நிறுத்தினாள்.

“ஏம்மா, தண்ணி வரலன்னு சொன்னதும் அந்தத் தொரை மனசு மாறிச்சி. நானே பாத்தேன். அதுக்கப்புறமும் எதுக்கு நோண்டுன?”

அவர் முன்னால் நடந்துபோனார். அதுவரை எல்லா வேலையையும் ஒன்றாகக் கலந்து எழுதியும் கேட்டும் வந்ததால்தான் இந்தக் கதி என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். என் காதுக்கே அது பள்ளிக்கூடப் பேச்சு மாதிரி இருந்தது. அவளும் நிற்கவில்லை.

பலகையை மாற்றச் சொல்லித் திரெக்தேர் உத்தரவு போட்டார். என் பேச்சு அவருக்குப் புரிந்து போட்டார் என்று சொல்லமாட்டேன். மறுபடியும் இப்படி ஒரு விசாரணையில் உட்கார அவருக்குப் பிரியமில்லை, அவ்வளவுதான். முசியே என் பழைய வரிகளை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதவிட்டார். சில வாரங்கள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நான் இரண்டு வரிகள் சேர்த்தேன். தண்ணீர் வராவிட்டால் நிறுத்து, ஃபிட்டரைக் கூப்பிடு. ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒருவர் ‘ஆச்சு’ என்று சொல்ல, மற்றவர் அதைக் கேட்டபிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

கொப்பரை ஆட்களுக்கு அது பெரிய கேலியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ‘ஆச்சு’, குழம்பை ஊற்றி ‘ஆச்சு’ என்பார்கள். நான் அந்தப் பக்கம் போனால் இன்னும் உரக்கச் சொல்வார்கள். எனக்கு அழுகை வரும், அழமாட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், அவர்கள் கேலி செய்துகொண்டே வேலை பார்த்தபோது, தண்ணீர் வரியில் ‘ஆச்சு’ வரவில்லை. குழாய் மறுபடியும் அடைத்திருந்தது. நிறுத்தினார்கள், ஃபிட்டர் வந்தார், சுத்தம் செய்தார், வேலை தொடர்ந்தது. அன்று மாலைதான் எனக்கே தெரிந்தது. ஃபிட்டர் ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார். யாரும் அதை ஒரு சம்பவமாகவே நினைக்கவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? முசியேயிடம் சொன்னேன். “நல்லது” என்றார். சிறிது நேரம் கழித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பிரெஞ்சில் அந்த வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது என்றார். ஆமாம், பிரெஞ்சில் நன்றாகத்தான் இருந்தது என்று நானும் சொன்னேன்.

கிடங்கில் அவர் ஓர் அறுவடைக் காலம் வரைக்கும் இருந்தார். பிறகு ஆலையை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவார்; நின்றதே இல்லை.

கல்யாணமாகி நானும் ஆலையை விட்டபிறகு, ஓர் ஆடி மாதம் வீராம்பட்டினத்துத் தேருக்குப் போயிருந்தேன். கும்பலில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவர் மனைவி. என்னை அவளே அடையாளம் கண்டுபிடித்திருக்கிறாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். குத்தகைக்கு நிலம் பார்க்கிறாராம். கை முழுசாக மடங்கவில்லை. ஏர் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

“உம் பேச்சு வந்தா இன்னும் திட்டுவாரு,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீ பாதியோட நிறுத்தியிருந்தா கொப்பரையிலியே இருந்திருப்பாருன்னு சொல்லுவாரு.”

அந்தப் பாதிக்கே அன்று யாரும் இடம் கொடுக்கவில்லை, நான் தகராறு செய்துதான் அதைக் கேட்டேன், முதல் ஆமாமோடு விட்டிருந்தால் அவருக்குக் கிடங்குகூட இருந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி சொல்வதற்குள் வடம் பிடித்துவிட்டார்கள். மேளம் எழுந்தது. கும்பல் எங்கள் இருவரையும் வெவ்வேறு பக்கம் தள்ளியது. அவள் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். என்ன முணுமுணுக்கிறாய் என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.